ஆற்றில் போட்டாலும்

நல்ல காரியத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்பது நம்மில் பலருக்குப் பழகிப்போன எண்ணம். சொந்தக் காசை எடுத்துக் கொடுக்கிறவருக்கு அந்த எண்ணம் அழகுதான். நூறு பேரிடம் வாங்கி முப்பது பேருக்குச் செய்கிறவருக்கு அது பொருந்தாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிவைத்தவர்களும் நம் முன்னோர்தான். அந்தப் பழமொழியை வீட்டுச் செலவுக்குச் சொல்கிறோம், கல்யாணச் செலவுக்குச் சொல்கிறோம். தொண்டு நிறுவனத்தின் வாசலில் மட்டும் அதைச் செருப்போடு கழற்றி வைத்துவிடுகிறோம்.

“பணம் எப்படியாவது வந்துவிடும், சேவை நிற்காது” என்று நிறுவனர் சொல்லும்போது கேட்பதற்கு உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வராமல் போகும் மாதத்தில் அடி யார்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனர் பெரும்பாலும் தப்பிவிடுகிறார். ஓய்வூதியமோ, வீடோ, பிள்ளைகளின் வருமானமோ இருக்கும். நன்கொடையாளருக்கு நட்டமில்லை; வேறொரு நல்ல காரியத்துக்குக் கொடுப்பார். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நிற்பது அங்கே வேலை செய்யும் ஆயாவுக்கு. படிப்பு பாதியில் நிற்பது அங்கே படிக்கும் பிள்ளைக்கு. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு குழந்தை தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள, ஒருவர் பொறுமையாக மாதக்கணக்கில் கூட உட்கார்ந்து பழக்க வேண்டியிருக்கிறது. பள்ளி நாலு மாதம் மூடிக்கிடந்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். கருணையோடு தொடங்கியதை அசட்டையால் கெடுப்பவர், ஒன்றுமே செய்யாதவரைவிட அதிகமாகத் துன்பம் கொடுத்துவிட முடியும். தொண்டின் பணக் கணக்கு ஒழுக்கத்தின் பகுதி என்று சொல்வது இதனால்தான்.

நம் மண்ணில் இது புதிய பேச்சு இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் விளக்குக்கு விட்ட கொடைகளைப் படித்தால், கொடுத்தவர்கள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள் என்பது தெரியும். ஒரு நந்தா விளக்கு என்றைக்கும் எரிய வேண்டுமென்றால் அவர்கள் நெய்யைக் குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகவில்லை, ஆடு கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றை இடையர்களிடம் ஒப்படைத்து, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். செத்த ஆட்டுக்குப் பதில் பிறந்த குட்டி கணக்கில் சேரும். மந்தையின் எண்ணிக்கை மாறக் கூடாது. அதனால் கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று குறிக்கின்றன. எந்த விளக்குக்கு எந்த இடையர், அவருக்கு ஈடாக நிற்பவர் யார், அளக்கும் முகத்தல் அளவை எது என்பது வரை கல்லில் வெட்டினார்கள். இன்றைக்கு ஆடிட்டர்கள் கார்பஸ் என்று சொல்லும் மூலநிதியின் இலக்கணம் அத்தனையும் அதில் இருக்கிறது: முதலைத் தொடாதே, பயனை மட்டும் செலவிடு, பொறுப்பாளரின் பெயரை எழுதி வை.

வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கியபோதும் அடியில் ஓர் ஆதாரம் இருந்தது. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை அதற்காக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று வியந்து சொல்கிறோம். அந்த அடுப்புக்குக் கீழே ஊராரின் நிலமும், ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாய் வந்து இறங்கும் அரிசியும் இருப்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

மூலநிதி மட்டும் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பச்சையப்ப முதலியார் 1794இல் இறக்கும்போது தருமத்துக்கென்று பெருஞ்செல்வத்தை உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். பொறுப்பில் இருந்தவர்களின் பிணக்கிலும் வழக்கிலும் அந்தப் பணம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சிக்கிக்கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு, அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முனைந்து நின்ற பிறகுதான் 1842இல் சென்னையில் பள்ளி திறந்தது. இடையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து வயதாகிப் போனார்கள். காசு காத்துக்கிடந்தது, காலம் காத்திருக்கவில்லை.

இனி இன்றைய சிறு நிறுவனம் ஒன்றின் மார்ச் 31ஆம் தேதிக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். சிறிய ஊரில் ஒரு சிறப்புப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். முப்பது குழந்தைகள். ஊழியர்கள், ஆசிரியர், ஆயா, டிரைவர், வாரம் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். சம்பளம் 1,40,000 ரூபாய், வாடகை 25,000, வேனுக்கு 20,000, மதியச் சாப்பாடும் கரண்டும் மற்றதும் 15,000. ஆக மாதம் 2 லட்சம். வங்கியில் இருப்பது 14,20,000. செயற்குழுக் கூட்டத்தில் இந்தத் தொகையைப் படித்ததும் எல்லார் முகமும் மலரும். ஏழு மாதத்துக்குக் கவலையில்லை என்று ஒருவர் சொல்வார், டீ வரும்.

அந்தத் தொகையில் 8 லட்சம், பயிற்சி அறை கட்டுவதற்கென்று ஒரு கம்பெனி கொடுத்தது. அது பள்ளியின் கையில் இருக்கிறதே தவிர, பள்ளியின் பணம் ஆகாது. மார்ச் மாதச் சம்பளம் 1,40,000 ஏப்ரல் முதல் வாரத்தில் போய்விடும். ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டி சேர்ந்து 1,20,000 ஆகியிருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்பதால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 3,60,000. இரண்டு மாதம்கூட ஓடாது. ஏழு மாதம் என்று நம்பி ஜூன் மாதத்தில் ஒரு புது வகுப்பைத் திறந்தால், ஆயுத பூஜைக்குள் கைமாற்று வாங்கும் நிலை வந்துவிடும். இதில் யாரும் ஒரு ரூபாய் திருடவில்லை. எது தன்னுடையது, எது பிறருடையது என்று பிரித்துப் பார்க்காத குற்றம் மட்டுமே நடந்திருக்கிறது.

இந்த நிலை ஒரே ஆண்டில் வருவதில்லை. முதல் சில ஆண்டுகள் நிறுவனரின் சேமிப்பிலும் நண்பர்களின் மாதக் காணிக்கையிலும் காலம் ஓடும். செலவு சிறிது, கண்ணுக்குத் தெரிந்தது; ஒரு நோட்டில் அடங்கும். பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்ததும் பெரிய தொகை வரும். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்த பிறகு சி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்து, தொண்டு நிறுவனக்காரர்களின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. அந்தப் பணத்தில் நன்மை நிறையவே நடந்திருக்கிறது. ஆனால் அது லாபத்தின் பங்கு. லாபம் குறைந்தால் அதுவும் குறையும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பொருளாகவே வரும். வேன் வாங்கித் தருவார்கள், பக்கவாட்டில் பெயர் எழுதலாம். டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி., இரண்டு வருடத்தில் தேயும் டயர் இவற்றில் யார் பெயரையும் எழுத முடியாது. அவை பள்ளியின் தலையில் நிற்கும்.

கட்டடமும் அப்படித்தான். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், படம் எடுப்பார்கள். பத்தாம் ஆண்டில் ஒழுகும் கூரைக்கு நன்கொடை கேட்டுப் போனால், “அதுதான் கட்டிக்கொடுத்தாயிற்றே” என்ற பதில் வரும். சொந்தக் கட்டடம் வந்த பிறகு நலிந்துபோன அமைப்புகள் உண்டு. காரணம் கட்டடம் இல்லை, அதை ஆண்டுக்காண்டு பேணும் செலவைக் கட்டும்போதே எழுதிப் பார்க்காததுதான்.

வந்த பணத்தின் போக்குக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொள்வது அடுத்த படி. இந்த ஆண்டு தண்ணீருக்குப் பணம் இருக்கிறது என்றால் குளம் தூர்வாருவார்கள். அடுத்த ஆண்டு கம்ப்யூட்டருக்கு இருக்கிறது என்றால் கம்ப்யூட்டர் வகுப்பு. ஐந்து ஆண்டு கழித்து, எந்தக் குழந்தைகளுக்காகத் தொடங்கினோமோ அவர்கள் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருப்பார்கள். ஒரே கையை நம்பியிருப்பதன் ஆபத்தையும் இந்தப் பத்தாண்டில் கண்டுவிட்டோம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டபோது, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பது தடையாயிற்று. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறங்கியது. பெரிய அமைப்பு ஒன்றின் கீழே, அது பிரித்துக் கொடுத்ததில் நடந்துவந்த சிறு அமைப்புகளுக்கு அந்த வழி ஒரே நாளில் அடைபட்டது. கொரோனாவும் அதே ஆண்டில். சட்டம் சரியா தவறா என்ற விவாதம் வேறு. இருநூறு பேர் மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுக்கும் அமைப்புக்கு அந்த ஆண்டில் வருமானம் குறைந்திருக்கும், ஆனால் நின்றுபோயிருக்காது. ஊர் கூடித் தேர் இழுப்பதில் உள்ள பாதுகாப்பு அது.

நெருக்கடி வரும்போதுதான் மனம் சோதிக்கப்படுகிறது. சம்பள நாள் வந்துவிட்டது. பொதுக் கணக்கில் காசில்லை. பயிற்சி அறைக்கான 8 லட்சம் பக்கத்திலேயே இருக்கிறது. “இந்த மாதம் மட்டும் எடுத்துக்கொள்வோம், அடுத்த மாதம் போட்டுவிடலாம்.” நோக்கம் நல்லது, வாங்குகிறவர் ஏழை ஆசிரியர். இருந்தாலும் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பது இதுதான். அடுத்த மாதமும் காசு வராது. கம்பெனியிலிருந்து பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். கட்டாத அறைக்குக் கட்டியதாக ஒரு பில் தேவைப்படும். முதல் பொய் வவுச்சரில் ஏறும். ஊழியர் பங்கைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு பி.எஃப். கணக்கில் கட்டாமல் விடுவதும், பதினைந்தாயிரத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்தாயிரத்தைக் கையில் கொடுப்பதும் இதே பாதையில் இன்னும் சில அடி தள்ளி இருக்கின்றன. அந்த இடத்தை அடைந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்களாகத் தொடங்கியவர்கள் அல்லர். பணத்துக்கு முன்பே வழி செய்யாததால், பணமில்லாத நாளில் உண்மையை விற்க வேண்டியதாயிற்று. அந்த மாதம் செய்திருக்க வேண்டியது வேறு: கம்பெனிக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்பது, ஊழியர்களைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்வது. இரண்டுக்கும் வெட்கத்தை விட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வாசலில் பசியோடு ஒருவர் நிற்கும்போது வங்கியில் டெபாசிட் போட்டு வைப்பது அறமா? இன்றைய பசி உண்மை; நாளைய நெருக்கடி வெறும் ஊகம். இந்தக் கேள்வி மனத்தை உறுத்தாத நிர்வாகி அந்த நாற்காலிக்குத் தகுதியற்றவர். ஆயினும், பிறர் தன்னை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டவருக்குக் கடமை இன்றோடு முடிவதில்லை. முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டவர் அந்த முப்பது பேருக்கு அடுத்த ஆண்டும் கதவைத் திறந்து வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். முப்பத்தோராவது குழந்தையை வாசலில் நிறுத்தி வைப்பது கொடுமையாகத் தோன்றும். எல்லாக் குழந்தைகளையும் ஒருநாள் ஒன்றாக வீட்டுக்கு அனுப்புவது அதைவிடக் கொடுமை. ஆறு மாதச் செலவு கையிருப்பாக இருந்தால் ஓர் இடி விழுந்தாலும் நிமிர்ந்துகொள்ளலாம் என்பது நடத்திப் பார்த்தவர்கள் பலரும் சொல்வது.

அதற்கு மேலே குவிப்பதும் பிழைதான். வருமான வரிச் சட்டம் இதில் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. வரிவிலக்கு வேண்டும் அறக்கட்டளை, ஓர் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அதன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும்; 15 சதவீதம் வரை சேர்த்துவைக்கலாம். குறிப்பிட்ட காரியத்துக்காக அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால், காரியத்தையும் காலத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மூலநிதிக்கென்றே எழுதிக் கொடுத்த நன்கொடைக்குத் தனி வழி இருக்கிறது. வரிக்காக எழுதிய விதி என்றாலும் அதில் ஒரு நடுநிலை இருக்கிறது: வந்ததெல்லாம் தீர்ப்பவனும் வந்ததெல்லாம் பூட்டுபவனும் தருமத்துக்கு ஆகமாட்டார்கள்.

கொடுப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. “என் பணம் ஒரு பைசா விடாமல் குழந்தைக்கே போக வேண்டும், நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது” என்று பெருமையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். கணக்கெழுதுகிறவர், ஆடிட்டர், கரண்டு பில், கழிவறை கழுவும் அம்மா இவர்கள் இல்லாமல் எந்தக் குழந்தைக்கு எது போய்ச் சேரும்? அந்த நிபந்தனைதான் பல நிர்வாகிகளைக் கணக்கை வளைக்கத் தள்ளுகிறது. பிறந்த நாளன்று கேக்கோடு போய்ப் படம் எடுத்துவிட்டு வரும் ஐயாயிரத்தைவிட, எதற்கென்று சொல்லாமல் மாதாமாதம் தவறாமல் போகும் ஐந்நூறு ரூபாய் ஒரு பள்ளியை நிமிர்த்தி வைக்கும். கொடுக்கும்போது ரசீது கேட்பதும், ஆண்டு முடிவில் கணக்கை அனுப்பச் சொல்வதும் அவநம்பிக்கை என்று கூசவும் வேண்டாம். நல்ல நிர்வாகிக்கு அந்தக் கேள்வி ஒரு துணை.

இயன்றவரிடம் கட்டணம் வாங்குவதில் உள்ள கூச்சத்தையும் நம்மவர்கள் விட வேண்டியிருக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்த கட்டணத்திலேயே கொடுக்க இயலாதவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை செய்யும் முறை அங்கே வேரூன்றியது. எல்லாத் தொண்டும் அப்படித் தன் காலில் நின்றுவிடாது; சிறப்புப் பள்ளியால் முடியாது, முதியோர் இல்லத்தால் முடியாது. என்றாலும் மாதம் இருநூறு ரூபாய் கட்டும் தாய்க்குப் பள்ளியில் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. இருநூறு கட்டும் அம்மா “இன்றைக்கு ஏன் வேன் வரவில்லை?” என்று கேட்பார். இலவசமாகப் பெறுகிறவர் அதைக் கேட்கத் தயங்குவார். கணக்கில் அந்த இருநூறு சிறியதுதான், மரியாதையில் அது சிறியதில்லை.

கடைசியாக, நிறுவனரின் தன்முனைப்பு. பல சிறு அமைப்புகளில் செக் புத்தகம், நன்கொடையாளர் பட்டியல், கடன் விவரம் அனைத்தும் ஒரே ஒருவரின் மேசை இழுப்பறையில் இருக்கும். செயற்குழுவினர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். “அவர் தங்கமானவர்” என்பதே தணிக்கை. அவர் படுத்துவிட்டால் அமைப்பும் படுத்துவிடும். தான் இல்லாமல் இது நடக்காது என்பதில் ஒரு மறைவான இன்பம் இருக்கிறது. தொண்டு செய்கிறவருக்கு வரும் நோய்களில் கண்டுபிடிக்கக் கடினமானது அதுதான். மருந்து மிகச் சாதாரணமானது. செக்கில் இரண்டு கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆயாவும் டிரைவரும் உட்பட எல்லாரையும் உட்காரவைத்து, தமிழில், வரவையும் செலவையும் வாய்விட்டுப் படிப்பது. இன்று வரவு நின்றால் நம் சொந்தப் பணத்தில் எத்தனை மாதம் ஓடும்? நம்மிடம் வரும் நூறு ரூபாயில் ஒரே ஆள் கொடுப்பது எவ்வளவு? யாருக்கு எவ்வளவு நாளாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கான விடையை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், அமைப்பு தேறுகிறதா தேய்கிறதா என்பது பத்தாம் வகுப்புப் படித்தவருக்கும் விளங்கிவிடும்.

தேய்கிறது என்று தெரிந்து, முயன்றும் மீளவில்லை என்றால், மூடுவதும் ஓர் அறமே. அறக்கட்டளைப் பத்திரங்களில் கலைப்பு விதி ஒன்று இருக்கும். மிஞ்சும் சொத்து அறங்காவலர்கள் வீட்டுக்குப் போகாமல் அதே நோக்கமுள்ள இன்னோர் அமைப்புக்குப் போக வேண்டும் என்று சொல்வது. அந்த விதியைக் கடைசி நாளில்தான் தேடி எடுக்கிறார்கள். கையில் ஓராண்டுச் செலவாவது மிச்சம் இருக்கும்போதே எடுத்துப் படித்தால், பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்ல அவகாசம் இருக்கும், ஒவ்வொரு குழந்தைக்கும் வேறு பள்ளியில் இடம் தேடலாம், ஊழியருக்குச் சேர வேண்டியதை நயா பைசா விடாமல் தீர்க்கலாம், பிறர் கொடுத்த வேனை இன்னொரு பள்ளிக்கு ஒப்படைக்கலாம். தொண்டு நீண்டகாலம் நடந்ததா என்பதைவிட, நம்பி வந்தவர் யாரும் நடுத்தெருவில் நிற்கவில்லை என்பது பெரிது. அதை உறுதி செய்ய அறங்காவலருக்குத் தியாகமோ பெரும் படிப்போ தேவையில்லை. மார்ச் 31 இரவு வங்கி இருப்பைப் பார்க்கும்போது, இதில் அமைப்புக்கு உரியது எவ்வளவு என்று கேட்டுக் கழித்துப் பார்க்கும் நேர்மை வேண்டும். கழித்த பிறகு வந்த தொகையை மறுநாள் காலை எல்லார் முன்னும் சொல்லும் துணிவும் வேண்டும்.